கோழிக்குப் போட்ட வரி

2009 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் விசித்திரமான ஒரு வேலை நடந்துவந்தது. துருக்கியில் உள்ள ஃபோர்டு ஆலையில் செய்த டிரான்சிட் கனெக்ட் என்ற சிறிய வேன்கள் கப்பலில் வந்து இறங்கும். பின்னிருக்கை, சீட் பெல்ட், பின்பக்கக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருக்கும். சுங்கத்துறை அதைப் பயணிகள் வண்டி என்று பதிவுசெய்து, 2.5 சதவீத வரி வாங்கிக்கொண்டு வெளியே விடும். அதன்பிறகு வண்டி நேரே ஒரு பட்டறைக்குப் போகும். அங்கே புத்தம் புதிய பின்னிருக்கைகளைக் கழற்றி எடுப்பார்கள். ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகடு பொருத்துவார்கள். இருக்கையை வெட்டித் துண்டாக்கி, இரும்பைப் பழைய இரும்புக்கும் பஞ்சையும் துணியையும் குப்பைமேட்டுக்கும் அனுப்புவார்கள். பயணிகள் வண்டியாக இறங்கியது சரக்கு வேனாக மாறி, பிளம்பர்களுக்கும் பூக்கடைக்காரர்களுக்கும் விற்பனைக்குப் போகும்.

அந்த இருக்கைகளில் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. உட்காருவதற்காக அவற்றைச் செய்யவும் இல்லை. தலைசாய்க்கும் பகுதிகூட இல்லாமல், மலிவான துணி போர்த்தி, செலவைக் குறைத்துச் செய்தவை அவை. சரக்கு வேனாகவே கொண்டுவந்திருந்தால் 25 சதவீத வரி கட்ட வேண்டும். 20,000 டாலர் மதிப்புள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் வண்டி என்றால் வரி 500 டாலர். சரக்கு வண்டி என்றால் 5,000 டாலர். ஒரு வண்டிக்கு 4,500 டாலர் மிச்சமாகும் என்றால், இருக்கையைப் பொருத்திப் பிறகு பிய்த்து எறிவது கணக்குப்படி லாபம்தான். இப்படி வந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

இந்த 25 சதவீதத்துக்கு வாகனத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிக்கன் டாக்ஸ்', அதாவது கோழி வரி. கோழி வெறும் பேரோடு நிற்கவில்லை. உண்மையிலேயே கோழிக்காகப் போட்ட வரிதான் இது. போட்டது 1963 டிசம்பரில். இன்றும் இருக்கிறது.

2025-இலிருந்து அமெரிக்க வரி பற்றிய செய்தி வராத நாளே இல்லை என்றாகிவிட்டது. எந்த நாட்டுக்கு எத்தனை சதவீதம், எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று திருப்பூர் வரைக்கும் விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம், "ட்ரம்ப் போனால் இதுவும் போய்விடும்" என்பது. போகலாம். ஆனால் அமெரிக்க வரலாற்றில் வரிகள் எப்படிப் போகின்றன, எப்படிப் போகாமல் தங்கிவிடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கோழி வரியைப்போல நல்ல பாடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

கோழியில் இருந்தே தொடங்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை அமெரிக்காவிலும் கோழி என்பது பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தில் மேய்வதுதான். முட்டைக்கு வளர்த்தார்கள், விருந்தாளி வந்தால் அடித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் ஊரில் தீவனக் கடை வைத்திருந்த ஜெஸ்ஸி ஜூவல் போன்றவர்கள் அதை மாற்றினார்கள். பஞ்சம் பிடித்திருந்த விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குஞ்சு பொரிப்பது, தீவனம் அரைப்பது, வெட்டிப் பதப்படுத்துவது என்று எல்லாம் ஒரே கம்பெனியின் கைக்குள் வந்தது. கொட்டகையும் உழைப்பும் மட்டும் விவசாயியுடையது. பல்லடம் பக்கம் பிராய்லர் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. அவர்கள் வாழும் முறையே அதுதான்.

இந்த ஏற்பாட்டில் கோழி விலை மளமளவென்று இறங்கியது. உள்ளூரில் தின்றது போக மிஞ்சியதைக் கப்பலேற்றினார்கள். அப்போது மேற்கு ஜெர்மனியில் கோழி இன்னும் ஞாயிற்றுக்கிழமை விருந்துப் பண்டம்தான். ஐம்பதுகளின் கடைசியில் உறையவைத்த அமெரிக்கக் கோழி அங்கே மலிவாக வந்து இறங்கியதும் ஜனங்கள் ஆசையாக வாங்கினார்கள். ஐரோப்பா இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ பாதி அமெரிக்கக் கோழி என்ற நிலை வந்தது. ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு விவசாயிகள் கொதித்தார்கள். அமெரிக்கக் கோழிக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள், அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் கிளம்பின.

அதே நேரத்தில்தான் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உருவாகிக்கொண்டிருந்தது. 1957-இல் ரோம் ஒப்பந்தம். 1962-இல் பொது வேளாண் கொள்கை. அதில் சேர்ந்த ஆறு நாடுகளும் தங்களுக்குள் தடையில்லாமல் வியாபாரம் செய்யும், வெளியிலிருந்து வரும் உணவுப் பொருளுக்கு எல்லையில் பொதுவான வரி போடும் என்பது அதன் சாரம். 1962 ஜூலை இறுதியில் கோழிக்கு அது நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியில் பவுண்டுக்கு 5 சென்டுக்கும் குறைவாக இருந்த வரி 13 சென்டைத் தாண்டியது. அமெரிக்கக் கோழியின் விற்பனை சரிந்தது.

கோழி என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். ஆர்கன்சாஸ் கோழி வளர்க்கும் மாநிலம். அந்த மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட், அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். நேட்டோவின் அணு ஆயுதம் பற்றிய விவாதத்துக்கு நடுவே எழுந்து கோழியைப் பற்றிப் பேசியவர். அப்போது பெர்லின் சுவர் எழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, கியூபாவில் ஏவுகணைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் தனக்கும் கென்னடிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும் என்று ஜெர்மன் சான்சலர் கொன்ராட் அடினாவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சண்டை முற்றியபோது பத்திரிகைகள் அதற்குக் 'கோழிப் போர்' என்றே பெயர் வைத்தன.

பேச்சுவார்த்தையில் எதுவும் நகரவில்லை. அன்றைய சர்வதேச வர்த்தக விதிகள், அதாவது காட் ஒப்பந்தம், இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒரு நாடு தான் கொடுத்த வரிச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொண்டால், பாதிக்கப்பட்ட நாடும் அதே மதிப்புக்குத் தன் சலுகைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா தன் நஷ்டம் 4.6 கோடி டாலர் என்றது. ஐரோப்பா அவ்வளவெல்லாம் இல்லை என்றது. 1963 நவம்பரில் நடுவர் குழு 2.6 கோடி டாலர் என்று முடிவு சொன்னது. நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 4 அன்று, புதிய ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பதிலடி வரிக்கான ஆணையில் கையெழுத்திட்டார். நான்கு பொருள்கள்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் என்ற பசைமாவு, விலை உயர்ந்த பிராந்தி, சரக்கு ஏற்றும் இலகு ரக வண்டிகள். 1964 ஜனவரி 7 முதல் அமல். சரக்கு வண்டிகளின் மீதான வரி 8.5 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் ஆனது.

சரக்கு வண்டி ஏன்? ஃபோக்ஸ்வாகன். ஜெர்மனியிலிருந்து அந்தக் கம்பெனியின் சிறிய பிக்கப்களும் (பின்னால் திறந்த தொட்டி வைத்த சரக்கு வண்டிகள்) வேன்களும் அமெரிக்காவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்க வாகனக் கம்பெனிகளின் தலைநகரான டெட்ராய்ட்டுக்கு அது உறுத்தியது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்டர் ரூதரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டார். 1964 தேர்தல் ஆண்டு. வாகனத் தொழிலில் வேலைநிறுத்தம் வரக் கூடாது என்பதில் ஜான்சன் குறியாக இருந்தார். கோழிக்குப் பதிலடி கொடுக்கும் சாக்கில் டெட்ராய்ட்டுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரு பரிசு கொடுத்தாயிற்று என்று அன்றிலிருந்தே பேச்சு உண்டு. நேரடியாகப் பேரம் நடந்ததா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பலன் யாருக்குப் போனது என்பது மட்டும் தெளிவு. அடுத்த ஆண்டே ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு வண்டிகளின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஜன்னலும் இருக்கையும் வைத்த ஃபோக்ஸ்வாகன் பஸ் பயணிகள் வண்டி என்பதால் தப்பித்து, அறுபதுகளின் இளைஞர்களின் அடையாளமாகவே ஆனது. அதே வண்டியின் பிக்கப் வடிவம் அமெரிக்கச் சாலைகளிலிருந்து மறைந்துபோனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காட் விதிப்படி ஒரு நாட்டை மட்டும் குறிவைத்து வரி போட முடியாது. போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும். அதனால் கோழிச் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜப்பானும் பிறகு தாய்லாந்தும் இந்தியாவும் இதற்குள் வந்துவிட்டன. ஜெர்மனியை அடிக்க ஓங்கிய கை அறுபது வருடமாக ஊரில் உள்ள எல்லோரையும் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி ஆகிய மூன்றின் மீதான வரியும் காலப்போக்கில் எடுக்கப்பட்டன. வண்டி வரி மட்டும் தங்கியது. பிராந்தி வரியால் பிழைக்கும் தொகுதி அமெரிக்காவில் பெரிதாக இல்லை. வண்டி வரியால் பிழைக்கும் ஆலைகளும் தொழிற்சங்கங்களும் மிச்சிகனிலும் ஒஹையோவிலும் இருந்தன. அந்த இரண்டு மாநிலங்களையும் பகைத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போவது கடினம் என்பதை இரண்டு கட்சிகளும் அறியும்.

அப்புறம் தொடங்கியது வரிக்கும் வண்டிக்காரர்களுக்கும் இடையிலான ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு. எழுபதுகளில் ஜப்பானியக் கம்பெனிகள் பிக்கப் வண்டியைப் பின்தொட்டி இல்லாமல், முன்கூண்டும் அடிச்சட்டமும் மட்டுமாக அனுப்பின. அது "முழுமையாகாத வண்டி" என்பதால் 4 சதவீத வரிதான். தொட்டியை அமெரிக்காவில் வைத்து மாட்டிக்கொண்டார்கள். ஃபோர்டும் செவர்லேயும்கூடத் தங்கள் பெயரில் விற்ற சிறிய பிக்கப்களை மஸ்டா, இசுசு கம்பெனிகளிடமிருந்து இப்படித்தான் வரவழைத்தன. 1980-இல் சுங்கத்துறை அந்தக் கதவை அடைத்தது. தொட்டி இல்லாவிட்டாலும் அது சரக்கு வண்டிதான் என்று வகைமாற்றியது.

சுபாரு வேறு வழி கண்டது. 1978 மாடல் பிராட் என்ற அதன் குட்டிப் பிக்கப்பின் திறந்த தொட்டிக்குள், பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பற்றவைத்துக் கீழே கம்பளமும் விரித்தது. மழையும் காற்றும் அடிக்கும் திறந்த தொட்டியில் ஆள் உட்காரலாம், ஆகவே அது பயணிகள் வண்டி! ரொனால்ட் ரீகன் தன் கலிஃபோர்னியா பண்ணையில் வைத்திருந்தது இப்படி ஒரு சுபாருதான். மெர்சிடஸ் பென்ஸ் செய்தது இன்னும் மலைப்பானது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் ஆலையில் ஸ்பிரின்டர் வேன்களை முழுதாகச் செய்து முடித்து, அப்புறம் எஞ்சின், கியர்பெட்டி, அச்சு எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகக் கப்பலேற்றி, தெற்கு கரோலினாவில் மறுபடி பூட்டினார்கள். உதிரிப் பாகங்களுக்கு வரி குறைவு. இப்படிப் பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு 2018-இல் 50 கோடி டாலர் செலவில் அங்கேயே முழு ஆலையைத் திறந்தார்கள்.

சுங்கப் பட்டியலில் ஆள் ஏற்றும் வண்டிக்கு எண் 8703, சரக்கு ஏற்றும் வண்டிக்கு 8704. இரண்டு எண்களுக்கு நடுவே பத்து மடங்கு வித்தியாசம். ஆகவே "இது காரா, லாரியா?" என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. கதவு எத்தனை, இருக்கைக்கு அடியில் பொருத்துமிடம் உண்டா, பின்புறம் எத்தனை அடி என்று நீதிபதிகள் அளந்து பார்த்தார்கள். ஃபோர்டு வழக்கு இவற்றில் பெரியது. துறைமுகத்தில் இறங்கும்போது வண்டி எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் வகைப்படுத்த வேண்டும், இறங்கும்போது இருக்கை இருந்தது என்பது ஃபோர்டின் வாதம். 2017-இல் வர்த்தக நீதிமன்றம் அதை ஏற்றது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைகீழாக்கி, எதற்காகச் செய்த வண்டி என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 2024 மார்ச்சில் 36.5 கோடி டாலர் கட்ட ஃபோர்டு ஒப்புக்கொண்டது.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது அந்தக் கம்பெனியின் பெயர். இந்த வரிச் சுவருக்குள் பாதுகாப்பாக வளர்ந்த கம்பெனிகளில் முதன்மையானது ஃபோர்டு. அதன் எஃப் வரிசை பிக்கப் 1977-இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். யாரைக் காப்பாற்ற வரி போட்டார்களோ அவர்களே அந்த வரியிலிருந்து தப்பிக்கப் புது இருக்கைகளைக் குப்பையில் போட்டார்கள். வரி என்பது அந்நியனுக்கும் நமக்கும் இடையே நிற்கும் வேலி என்றுதான் மேடையில் பேசுகிறார்கள். துருக்கியில் ஆலை, ஸ்பெயினில் ஆலை, மெக்சிகோவில் ஆலை என்று கம்பெனிகள் பரவிவிட்ட உலகத்தில் அந்த வேலி எந்த இடத்தில் யாருடைய வயலுக்குள் போகிறது என்று போட்டவர்களுக்கே தெரிவதில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்த வரியால் அமெரிக்காவுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிசான் தன் முதல் அமெரிக்க ஆலையை டென்னசி மாநிலத்தின் ஸ்மைர்னாவில் கட்டியபோது 1983-இல் அங்கிருந்து முதலில் வெளிவந்தது ஒரு பிக்கப். டொயோட்டா தன் பெரிய பிக்கப்பை டெக்சாஸில் செய்கிறது. வரி இல்லாவிட்டால் இந்த ஆலைகளில் சில வந்திருக்காது. அங்கே வேலைபார்க்கும் குடும்பங்களுக்கு அது சோறு. இதை மறுத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போட்டி இல்லாத ஒரே இடம் பிக்கப் என்றானதும், டெட்ராய்ட் கம்பெனிகள் தங்கள் பணத்தையும் மூளையையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டின. காரில் ஜப்பானோடு மோத வேண்டும், லாபம் சொற்பம். பிக்கப்பில் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, லாபம் கொழிக்கும். ஹார்வர்டு பொருளியலாளர் ராபர்ட் லாரன்ஸ், இந்தப் பாதுகாப்பே அமெரிக்க வாகனத் தொழிலை முடமாக்கியது என்று வாதிடுகிறார். எரிபொருள் சிக்கன விதிகள் பிக்கப்களிடம் கார்களைவிட இளக்கமாக நடந்துகொண்டதும் சேர்ந்துகொண்டது. பழியை வரி ஒன்றின் மீதே போட முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்து விளைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. டெக்சாஸில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அங்கே ஓடும் பிக்கப்களின் அளவைத்தான். முன்பக்கம் ஆளுயரத்துக்கு நிற்கும். 60,000 டாலர் விலை சர்வ சாதாரணம். உலகம் முழுக்க விவசாயிகளும் கொத்தனார்களும் ஓட்டும் டொயோட்டா ஹைலக்ஸை அமெரிக்காவில் கடைக்குப் போய் வாங்க முடியாது. மலிவாக, சின்னதாக ஒரு பிக்கப் வேண்டும் என்று நினைக்கும் தச்சருக்கு அங்கே தேர்வு குறைவு. அந்தத் தச்சர்தான் அறுபது ஆண்டுகளாகக் கோழிக்கான அபராதத்தைக் கட்டிவருகிறார். தான் கட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இறக்குமதி வரியைத் துறைமுகத்தில் கட்டுவது இறக்குமதி செய்யும் கம்பெனி. அது விலையில் ஏறும். உள்ளூர்க் கம்பெனியும் போட்டி இல்லாததால் அதே உயரத்துக்கு விலையை ஏற்றிக்கொள்ளும். ரசீதில் 'கோழி' என்று எங்கும் எழுதியிருக்காது.

நம் ஊருக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலையில் செய்த ஈகோஸ்போர்ட் கார்கள் 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. கார் என்பதால் 2.5 சதவீத வரியோடு போக முடிந்தது. அதே ஆலையில் அதே தொழிலாளர்கள் அதே அடிச்சட்டத்தில் ஒரு குட்டிப் பிக்கப் செய்திருந்தால் 25 சதவீதம். அப்படி ஒரு வண்டியை அமெரிக்காவுக்காகத் திட்டமிடவே எந்தக் கம்பெனியும் துணியாது. வரியின் பெரிய பாதிப்பு இப்படிப்பட்டதுதான்: வசூலான தொகையை எண்ணிவிடலாம், பிறக்காமலே போன வண்டியையும் வேலையையும் எண்ண முடியாது.

எடுக்க முயற்சி நடக்காமல் இல்லை. தென் கொரியாவோடு செய்த தாராள வர்த்தக ஒப்பந்தம் 2012-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிக்கப் வரி 2021-க்குள் ஒழியும் என்று எழுதியிருந்தார்கள். ட்ரம்ப் முதல் முறை ஜனாதிபதியாக இருந்தபோது 2018-இல் அதைத் திருத்தி, 2041 வரை நீட்டித்தார். அந்தச் சமயத்தில் கொரியா அமெரிக்காவுக்கு ஒரு பிக்கப்கூட அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. பசிபிக் நாடுகளின் பெரிய ஒப்பந்தத்தில் ஜப்பானுக்கு ஒபாமா அரசு ஒப்புக்கொண்டதும் முப்பது ஆண்டுக் கெடுதான். அந்த ஒப்பந்தத்திலிருந்தும் ட்ரம்ப் 2017-இல் வெளியேறினார். ஜனநாயகக் கட்சியோ குடியரசுக் கட்சியோ, இந்த வரியைத் தொட யாருக்கும் மனமில்லை.

2025-க்கு வருவோம். ஏப்ரல் 3 முதல் இறக்குமதிக் கார்கள், இலகு ரக வண்டிகள் எல்லாவற்றின் மீதும் ட்ரம்ப் 25 சதவீதக் கூடுதல் வரி போட்டார். அது பழைய வரியின் மேல் ஏறும். ஆக, சலுகை ஒப்பந்தம் எதுவும் இல்லாத நாட்டிலிருந்து வரும் பிக்கப்புக்கு மொத்தம் 50 சதவீதம். இதற்கு அவர் பயன்படுத்தியது 1962-ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆவது பிரிவு. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் ஜனாதிபதியே இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்பது அந்தப் பிரிவு. கோழிச் சண்டை தொடங்கிய அதே ஆண்டில் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் அது. வர்த்தகத்தை விரிவாக்கத்தான் கொண்டுவந்தார், பெயரிலேயே இருக்கிறது.

"ஐரோப்பா நம் கார்களுக்கு 10 சதவீதம் போடுகிறது, நாம் 2.5 தான் போடுகிறோம்" என்று ட்ரம்ப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2025 வரை, காரைப் பொறுத்தமட்டில் அது உண்மைதான். அமெரிக்காவில் அதிகம் விற்கும், அதிக லாபம் தரும் வண்டிகளுக்கு 25 சதவீதம் என்பதை அந்த ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை.

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்களின் மீது மொத்தம் 50 சதவீதம் என்று வந்தபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதியாளர்கள் கையைப் பிசைந்தார்கள். அது அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுப் பொருளாதார அவசரகாலச் சட்டத்தை வைத்துப் போட்டது. அந்தச் சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லை என்று சிறு இறக்குமதியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எனவே எல்லா வரிகளும் ஒரே உறுதியில் நிற்பவை அல்ல. ஒரு வரி எத்தனை காலம் நிற்கும் என்று கணிக்க, போட்டவர் யார் என்பதைவிட, அதன் பின்னால் எந்த ஆலை எழுகிறது, எந்த மாநிலத்தில் எழுகிறது என்று பார்ப்பது உதவும். சீனப் பொருள்களின் மீது ட்ரம்ப் 2018-இல் போட்ட வரிகளை அவருக்கு நேர் எதிரான பைடன் நான்கு ஆண்டுகளும் வைத்திருந்தார். 2024-இல் சீன மின்கார்களுக்கு 100 சதவீதமாக ஏற்றியும் விட்டார். பனியனும் டி-ஷர்ட்டும் அமெரிக்காவில் பெரிதாகத் தைக்கப்படுவதில்லை. அவற்றின் மீதான வரியைக் காக்க அங்கே ஓட்டு வங்கி இல்லை. திருப்பூருக்கு அது ஓரளவு நம்பிக்கை தரக்கூடிய விஷயம். எஃகும் வாகன உதிரிப் பாகமும் அப்படி அல்ல. சென்னையையும் ஓசூரையும் சுற்றி உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலைகள் பத்தாண்டுக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாகக் கோழிக்கே, இந்த முறை இந்தியாவின் கோழி வரிக்கு, திரும்பி வருகிறேன். அமெரிக்கர்களுக்கு நெஞ்சுக்கறிதான் பிரியம். கால் பகுதி மிஞ்சுகிறது, அதை உலகம் முழுக்க மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். இந்தியா கோழிக்கால் துண்டுகளுக்கு 100 சதவீத வரி வைத்திருக்கிறது. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி விதித்த தடையை எதிர்த்து அமெரிக்கா 2012-இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வென்றது. 2023-இல் அந்த வழக்கைச் சமரசமாக முடித்தபோது, உறையவைத்த வான்கோழி, வாத்து போன்றவற்றுக்கு இந்தியா வரியைக் குறைத்தது.

பல்லடத்தில் கொட்டகை போட்டவர் வங்கியில் கடன் வாங்கியிருப்பார். கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலியில் அந்தக் கடனும் பிள்ளைகள் படிப்பும் ஓடுகின்றன. டென்னசியின் நிசான் தொழிலாளியைப்போலவே அவரும் ஒரு வரியை நம்பி வாழ்க்கையைக் கட்டியிருக்கிறார். ஒரே இரவில் அந்த 100 சதவீதத்தை எடுங்கள் என்று யாராவது சொன்னால், இவ்வளவு எழுதிய நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். படிப்படியாக, இத்தனை ஆண்டில் இவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குள் குளிர்பதனக் கிடங்குக்கும் தீவனச் செலவைக் குறைக்கவும் அவருக்குக் கைகொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஜான்சன் கையெழுத்திட்ட அந்த ஆணையில் இது எந்த ஆண்டு முடியும் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை.